உத்தரவு

1

பெரிய முடிவுகளைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான கதைகள் புழங்குகின்றன. ஒன்று, நாலு பேரிடம் விசாரித்து, கணக்குப் போட்டு, சாதக பாதகங்களை நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தவனின் கதை. இதைச் சொல்கிறவர்கள் தகப்பன்மார்கள், மேலதிகாரிகள், வரன் பார்க்கிறவர்கள். இன்னொன்று, ‘ஏனோ மனசில் பட்டது, கிளம்பிவிட்டேன்’ என்பவனின் கதை. இதைச் சொல்கிறவர்கள் ஜெயித்தவர்கள் மட்டுமே. மனசில் பட்டதை நம்பிக் கிளம்பி, போன இடத்தில் நாசமாய்ப் போனவனுக்குத் தன் கதையைச் சொல்ல மேடை கிடைப்பதில்லை. அவனுடைய உள்ளுணர்வுக்கு ஊரில் வேறு பெயர்கள் உண்டு: கிறுக்கு, திமிர், கிரகம் சரியில்லை.

உள்ளுணர்வா அறிவா என்று இதை வைத்துப் பட்டிமன்றம் நடத்துவது சுலபம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே அனுமானத்திலிருந்துதான் பேசத் தொடங்குவார்கள். முடிவு என்பது ஒரு தனி மனிதனின் மண்டைக்குள் நடக்கும் காரியம். அங்கே அறிவும் உணர்வும் மல்லுக்கு நிற்கின்றன. ஏதோ ஒன்று வெல்கிறது என்பது அந்த அனுமானம். நம் வாழ்க்கையில் முடிவுகள் இப்படியா நடக்கின்றன? கல்யாணம், படிப்பு, உத்தியோகம், ஊர் மாறுவது ஆகியவற்றில் ஒன்றையாவது ஒருவன் தன் மண்டைக்குள் மட்டும் வைத்து முடித்திருக்கிறானா?

நமது பேச்சுமொழி இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்வதே இல்லை. ‘மனசு’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலையையும் செய்துகொள்கிறோம். மனசில் கணக்குப் போடுகிறோம். மனசு ஒப்பவில்லை என்கிறோம். உள்ளுணர்வு என்பது புத்தகச் சொல். வீட்டில் யாரும் உள்ளுணர்வு கொள்வதில்லை. வள்ளுவரைப் பாருங்கள். ஊழைப் பற்றிய அதிகாரத்தை 38-ஆவதாக, அறத்துப்பாலின் கடைசியில் வைக்கிறார். ஆய்ந்து செயலில் இறங்குவதைப் பற்றிய ‘தெரிந்துசெயல்வகை’ 47-ஆவது. அது பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில் வருகிறது. ஊழ் எல்லோருக்கும் உரியது, ஆய்ந்து தெளியும் பொறுப்பு முதலில் ஆள்பவனுக்கு உரியது என்று இந்த வைப்புமுறையை நான் வாசிக்கிறேன். உரைகாரர்கள் ஒப்புவார்களா தெரியாது. ஆனால் தமிழ் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஆராய்வதற்கு அதிகாரம் வேண்டும். அதிகாரம் இல்லாதவன் உத்தரவு கேட்பான்.

இந்த ‘உத்தரவு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். சன்னதியில் பூக்கட்டிப் போட்டு, குழந்தை எடுத்துக் கொடுக்கும் பொட்டலத்தில் எந்த நிறப் பூ வருகிறது என்று பார்த்துச் சாமியிடம் பெறுவதும் உத்தரவு. தாசில்தார் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் உத்தரவு. விருந்தாளி விடைபெறும்போது வீட்டுப் பெரியவரிடம் கேட்பதும் உத்தரவுதான். ஒரே சொல் கோயிலிலும் கச்சேரியிலும் வீட்டுத் திண்ணையிலும் உலவுவது தற்செயல் இல்லை. மூன்று இடத்திலும் கேட்கிறவன் ஒரே ஆள். மூன்று இடத்திலும் அவன் நிற்கும் நிலையும் ஒன்றே.

இரண்டு முடிவுகளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டையும் செய்தவர்கள் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒருவர் ராமானுஜன், 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர். மற்றவர் சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன், பதிவுகளின்படி 1888 செப்டம்பர் 5-ல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்தவர். ஒருவரை உள்ளுணர்வின் உருவமாகவே உலகம் கொண்டாடுகிறது. மற்றவர் உள்ளுணர்வுக்குத் தத்துவ ஆசனம் தேடித் தந்தவர்.

2

1900-களின் தொடக்கத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு பதினேழு வயதுப் பையன் எந்தப் பாடத்தை எடுப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். கணிதம், பௌதிகம், உயிரியல், தத்துவம், சரித்திரம் என்று ஐந்து பாடங்கள் திறந்திருந்தன. தகப்பனார் வீராசாமி சின்ன வருவாய் உத்தியோகத்தில் இருந்தவர், குடும்பம் வசதியானதல்ல. திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி, வேலூரில் வூர்ஹீஸ் கல்லூரி என்று படித்து மேலே வந்த பையன். கல்யாணமும் ஆகிவிட்டிருந்தது. அந்த வருஷம் பட்டம் பெற்று வெளியேறிய உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப்புத்தகங்களை இவனிடம் கொடுத்தார். ஸ்டவுட்டின் உளவியல், வெல்டனின் தர்க்கம், மெக்கன்ஸியின் அறவியல். விஷயம் முடிந்துவிட்டது. பையன் தத்துவம் எடுத்தான்.

இது ராதாகிருஷ்ணனே தம் சுயசரிதைக் கட்டுரையில் சொல்வது. இதைச் சொல்லிவிட்டு அவர் செய்வதுதான் கவனத்துக்குரியது. பார்வைக்கு இது வெறும் தற்செயல்தான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, தம் வாழ்க்கையை உருவாக்கிய தற்செயல்களின் வரிசையைத் திரும்பிப் பார்க்கையில், கண்ணுக்குத் தெரிவதற்கு மேலாக ஏதோ இருப்பதாகத் தமக்கு நம்பிக்கை ஏற்படுவதாகவும் எழுதுகிறார்.

இந்த நம்பிக்கை 1950-களில் வந்தது என்பதை மறக்கக் கூடாது. அதற்குள் கல்கத்தாப் பேராசிரியர் பதவி (1921), ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி (1931), ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி (1936), மாஸ்கோ தூதர் பதவி (1949) எல்லாம் வந்தாகிவிட்டது. அந்த உயரத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது மூன்று பழைய புத்தகங்கள் விதியின் கையாகத் தெரிவதில் வியப்பில்லை. அதே வருஷம் இன்னொரு பையனுக்கு இன்னோர் அண்ணன் சரித்திரப் புத்தகங்களைக் கொடுத்திருப்பார். அவன் சரித்திரம் எடுத்து ஏதோ தாலுக்கா கச்சேரியில் ரிக்கார்டு கட்டி ஓய்ந்திருப்பான். அவனுக்கும் தற்செயல்களின் வரிசை ஒன்று இருந்திருக்கும். அதற்குப் பின்னால் கை எதுவும் தெரிந்திருக்காது.

நான் ராதாகிருஷ்ணனைப் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. அவர் வாக்குமூலத்தில் அவரே மிக நேர்மையாகச் சொல்லியிருக்கும் ஒரு தகவலின் கனத்தை அவருடைய தத்துவம் தாங்கவில்லை என்று சொல்ல வருகிறேன். புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன என்பதே அந்தத் தகவல். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு மூன்று பாடப்புத்தகங்களின் விலை ஒரு காரணம். நல்ல காரணமும்கூட. இதை அறிவின் முடிவு என்று சொல்லலாம். ஐந்து பாடங்களுக்கு நடுவில் தத்தளித்த மனசுக்கு ஏதோ ஒன்று கையில் வந்து விழுந்ததும் ஏற்பட்ட நிம்மதி என்று பார்த்தால், உள்ளுணர்வின் முடிவு என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. இரண்டையும் தனித்தனியே பிரித்து வைக்கக் கத்தி எதுவும் இல்லை.

இதற்குப் பிறகுதான் அவர் உண்மையாகவே ஒரு முடிவை எடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1908-ல் முதுகலைப் பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது மிஷனரிகள் அக்காலத்தில் வைத்த குற்றச்சாட்டு. தம்மைப் படிக்கவைத்த நிறுவனத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அதன் ஆசிரியர்கள் மதிப்பெண் போடும் தாளில், அதற்குப் பதில் எழுதினார் அந்த இருபது வயது இளைஞர். ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் அதைப் பாராட்டினார் என்பது அந்த ஆசிரியரின் பெருமை. இங்கே காயம்பட்ட தன்மானம் இருந்தது. அதை ராதாகிருஷ்ணன் மறைக்கவில்லை. விவேகானந்தரால் கிளர்ந்த பெருமிதம் மிஷன் கல்விநிலையங்களில் அடிபட்டதைச் சொல்கிறார். தன்மானம் தள்ளியது, தர்க்கம் எழுதியது. யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. புத்தகத்தை அண்ணன் கொடுத்தார். கேள்வியை யாரும் கொடுக்கவில்லை.

3

1929-ல் அவர் ஆற்றிய ஹிப்பர்ட் சொற்பொழிவுகள் 1932-ல் நூலாக வந்தன. உள்ளுணர்வைப் பற்றி ஓர் இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய மிக விரிவான வாதம் அதில் இருக்கிறது. அறிதலை மூன்றாகப் பிரிக்கிறார்: புலன்வழி அறிவு, படிப்படியாகச் செல்லும் தர்க்க அறிவு, நேரடியாகப் பற்றிக்கொள்ளும் உள்ளுணர்வு. மூன்றாவது இரண்டாவதற்கு விரோதி அல்ல, அதன் நிறைவு. விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு, கலைஞனின் சிருஷ்டி, அறவாழ்வில் ஒருவன் விதிகளைத் தாண்டிச் சரியானதைச் செய்யும் தருணம் ஆகிய மூன்றிலும் ஒரே சக்தி வேலை செய்வதாகக் காட்டுகிறார். பெர்க்ஸனிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு, அவரிடமிருந்து விலகிக்கொண்டதும் உண்டு.

வாதம் கம்பீரமானது. ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. விஞ்ஞானி கண்டுபிடித்தது சரியா என்று பிறகு சோதித்துவிடலாம். கவிதையையும் ஒருவாறு வாசித்துப் பார்த்துவிடலாம். வாழ்க்கை முடிவை எப்படிச் சோதிப்பது? எடுக்காத வழியில் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வர முடியாது. விஞ்ஞானத்திலிருந்து அறவாழ்வுக்கு அவர் தாவும் இடத்தில் இந்தப் பள்ளம் இருக்கிறது. நடை மிக அழகாக இருப்பதால் வாசகன் பள்ளத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறான்.

இந்தப் பள்ளத்தின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள ராமானுஜனிடம் போக வேண்டும். அவருடைய வாழ்க்கையில் இரண்டு விதமான உள்ளுணர்வும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றைச் சோதிக்க முடிந்தது, மற்றதை முடியவில்லை.

4

ராமானுஜன் குமாஸ்தா. இதை முதலில் அழுத்திச் சொல்ல வேண்டும். 1912 மார்ச் 1-ல் மதராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்க்குச் சேர்ந்தார். அதற்கு முன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பனில் தேறாமல், வேலையில்லாமல் திரிந்த ஆண்டுகள். 1909-ல் பத்து வயது ஜானகியோடு கல்யாணம். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அவரை வரவழைக்க விரும்பினார். 1913 தொடக்கத்தில் கேட்கப்பட்டபோது ராமானுஜன் மறுத்துவிட்டார். கடல் தாண்டினால் சாதிவிலக்கு. தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

1914 ஜனவரியில் நெவில் என்ற இளம் கணிதவியலாளர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். ராமானுஜனை எப்படியாவது இணங்கவைக்கும்படி ஹார்டி அவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். நெவிலுக்கு அந்த வேலையே இருக்கவில்லை. கேட்பதற்கு முன்பே ராமானுஜன் தயாராக இருந்தார். பெற்றோரின் எதிர்ப்பும் விலகியிருந்தது. காரணமாக நெவில் பதிவு செய்திருப்பது ஒரு கனவு. ஐரோப்பியர்கள் நிறைந்த கூடத்தில் மகன் வீற்றிருப்பதைத் தாயார் கண்டார். குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் ஆணையிட்டாள். வேறொரு மரபுச் செய்தியின்படி, போர்ட் டிரஸ்டில் தம் மேலதிகாரியும் கணிதப் பிரியருமான நாராயண ஐயரோடு ராமானுஜன் நாமக்கல்லுக்குப் போய், கோயிலில் மூன்று இரவு படுத்திருந்து, அங்கே உத்தரவு பெற்றார்.

பகுத்தறிவாளர் இதைப் படித்துச் சிரிப்பார். பக்தர் புல்லரிப்பார். இருவரும் இடைப்பட்ட ஒரு வருஷத்தில் நடந்தவற்றைப் பார்ப்பதில்லை. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. குமாஸ்தா நாற்காலி போய்விட்டது. முதல் தடவையாக நாள் முழுவதும் கணிதம். ஆனால் அவர் எழுதுவதைப் படித்துத் தப்பு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. படித்துச் சொல்லக்கூடியவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்பதும் கடிதங்கள் மூலம் தெரிந்துவிட்டது. 1913 தொடக்கத்தில் மறுத்த மனிதனும் 1914 ஜனவரியில் தயாராக இருந்த மனிதனும் ஒரே நிலைமையில் இருக்கவில்லை.

பணத்தையும் பாருங்கள். பயணச் செலவு நீங்கலாக ஆண்டுக்கு 250 பவுன். அதிலிருந்து மாதம் அறுபது ரூபாய் குடும்பத்துக்கு அனுப்ப ஏற்பாடு. மகன் போர்ட் டிரஸ்டில் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு, மகன் கண்ணெதிரில் இல்லாமலே வீட்டுக்கு வரும். கோமளத்தம்மாள் இதற்காகக் கனவு கண்டார் என்று எழுதினால் அது மலிவான எழுத்து. அந்தத் தாயின் பயம் உண்மை, கனவும் உண்மையாகவே வந்திருக்கலாம். காரணங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றை அந்த வீட்டில் உரக்கச் சொல்வதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது என்பதுதான் நான் சொல்வது. ‘கணிதத்துக்காகப் போகிறேன்’ என்பது அக்ரகாரத்தில் செல்லாத நாணயம். ‘பணம் வரும்’ என்பது செல்லும், ஆனால் கேவலம். ‘தாயார் உத்தரவாகிவிட்டது’ என்பதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

சார்த்தர் 1945-ல் பாரீஸில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில் தன் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். தாயோடு இருப்பதா, நாட்டைவிட்டுப் போய் விடுதலைப் படையில் சேருவதா என்று அவன் யோசனை கேட்டு வந்தான். எந்தத் தத்துவமும் அவனுக்குப் பதில் தர முடியாது என்கிறார் சார்த்தர். அதோடு, யாரிடம் யோசனை கேட்பது என்று தேர்ந்தெடுத்த கணத்திலேயே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது என்றும் சொல்கிறார். பாதிரியிடம் போகிறவன் எந்தப் பாதிரியிடம் போகிறான் என்பதில் பதில் இருக்கிறது. இந்த இடத்தில் சார்த்தரை நாமக்கல்லுக்கு அழைத்துப் போகலாம். ராமானுஜன் உத்தரவு கேட்கப் போனபோது கூட யாரை அழைத்துப் போனார்? மடத்து ஆச்சாரியரையா? தன் கணிதத்தைப் புரிந்துகொண்ட, தன்னை வெளியுலகுக்குக் கொண்டுபோக முயன்ற நாராயண ஐயரை. மூன்று இரவு காத்திருந்தார்கள் என்பதற்கு என்ன அர்த்தம்? முதல் இரவில் பதில் வராவிட்டாலும் திரும்பிப் போகிற உத்தேசம் இல்லை என்பதுதானே?

ஆனால் சார்த்தர் பாதி தூரம்தான் நம்மோடு வருவார். அவருடைய மாணவன் தனியாள். முடிவெடுத்தபின் அவன் தன் மனச்சாட்சிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ராமானுஜன் ஒரு வீட்டுக்கும் தெருவுக்கும் சாதிக்கும் பதில் சொல்ல வேண்டியவர். கப்பலேறுவதற்குச் சில நாள் முன் தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் குடுமியை எடுத்துக்கொண்டார். உத்தரவு கிடைத்தபிறகும் குடுமியில்லாத தலையோடு அவர்கள் முன் நிற்க அவரால் முடியவில்லை. மார்ச் 17-ல் ‘நெவாஸா’ கப்பல் புறப்பட்டது.

அந்த உத்தரவு எவ்வளவு நாள் செல்லுபடியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1919-ல் நோயாளியாகத் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானபோது, ஆசாரமான உறவினர்கள் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை. கடல் தாண்டியவர், ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர். போகும்போது அம்மனின் உத்தரவைக் கேட்டு வாய்மூடிய சமூகம், திரும்பியபோது அம்மனையே மறந்துவிட்டது. இது என்னைப் பொறுத்தவரை ராமானுஜன் சரித்திரத்தின் மிக முக்கியமான தகவல். மனிதன் தன் முடிவுக்கு எவ்வளவு பெரிய இடத்தில் கையெழுத்து வாங்கி வைத்தாலும் அது அவன் பலமாக இருக்கும்வரைதான் பேசும்.

5

இப்போது மற்ற உள்ளுணர்வு, கணிதத்தில் இருந்தது. நாமகிரி கனவில் சூத்திரங்களைத் தந்தாள் என்பதைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது போதும். அவருடைய உள்ளுணர்வு தவறிய இடத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும். ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே பகா எண்களைப் பற்றி ஒரு பெரிய உரிமை கோரியிருந்தார். கொடுத்த எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதைத் துல்லியமாகத் தரும் சார்பு ஒன்றைக் கண்டுவிட்டதாக எழுதினார். அது தவறு. ஸீட்டா சார்பின் கலப்பெண் பூஜ்யங்களை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அப்படியொன்று இருப்பதே அப்போது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்ற இடங்களில் அவரை அதிசயமாகச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே மனசு இங்கே அதே நிச்சயத்தோடு தவறான இடத்தில் இறக்கிவிட்டது. உள்ளுணர்வுக்கு உள்ளிருந்தபடி தன் பிழை தெரியாது. சரியாக இருக்கும்போதும் பிழையாக இருக்கும்போதும் அதன் குரல் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது.

ஹார்டியின் இடம் இங்கேதான் வருகிறது. அவர் நிரூபணத்தைக் கேட்டார். ஆனால் நிரூபணம் இல்லாததால் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதே மாதிரிக் கடிதங்கள் போன வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் உதவவில்லை. அந்தத் தாள்களில் இருந்த சில சமன்பாடுகளை ஹார்டியால் விளக்க முடியவில்லை. அவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யும் திறன் எவனுக்கும் இருக்காது என்று முடிவு செய்தார். இது நிரூபணமா? இல்லை. ஐரோப்பாவின் மிகக் கறாரான தர்க்கவாதிகளில் ஒருவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்றை உள்ளுணர்வால் எடுத்தார். உள்ளுணர்வின் அவதாரமாகப் பேசப்படும் கும்பகோணத்துக்காரர் தன்னுடையதை ஒரு வருஷம் ஆறப்போட்டு, வருமானத்துக்கு வழிசெய்து, வீட்டுச் சம்மதம் வாங்கி எடுத்தார். நமக்குச் சொல்லப்பட்ட கதையில் இருவரின் இடங்களும் மாறிக் கிடக்கின்றன.

அவர்கள் சேர்ந்து செய்த வேலையில் இந்தச் சண்டை ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு 1918-ல் இருவரும் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 200 என்ற எண்ணுக்கு மக்மஹான் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடை 3,972,999,029,388. சூத்திரம் அதோடு ஒத்துப்போனது. ஒருவர் கண்டார், ஒருவர் நிரூபித்தார், மூன்றாமவர் உட்கார்ந்து எண்ணினார். உள்ளுணர்வு மரியாதையோடு வாழ்ந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அங்கே அதற்குத் தவறாகவும் இருக்கச் சுதந்திரம் இருந்தது. பகா எண் விஷயத்தில் தவறியதற்காக யாரும் ராமானுஜனைச் சாதிவிலக்குச் செய்யவில்லை.

6

மேலே சொன்ன பள்ளத்துக்குத் திரும்புகிறேன். வாழ்க்கை முடிவுக்கு மக்மஹான் கிடையாது. இங்கிலாந்து போனதால் ராமானுஜன் உலகத்துக்குக் கிடைத்தார்; போனதால்தான் முப்பத்திரண்டு வயதில் செத்தார் என்றும் சொல்லலாம். இரண்டையும் தட்டில் வைத்து நிறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே வாழ்க்கை முடிவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ‘சரியா தவறா’ என்பதல்ல. அதற்கு யாரிடமெல்லாம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, எந்த மொழியில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே கேள்வி.

வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கத்தில், ஒரு சென்ட் வயல் இல்லாதவர்களும் நகைக்கடன் தாளில் அந்தக் கட்டத்தில் ‘விவசாயம்’ என்று எழுதிய காலம் உண்டு, வட்டி குறைவு. மகளைப் படிக்கவைப்பது, தம்பியை வளைகுடாவுக்கு அனுப்புவது, புருஷனைவிட்டுத் தனியாக வந்து வீடு பிடிப்பது, எல்லாமே தாளில் விவசாயம்தான். அதே கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களும் சளைத்தவர்கள் அல்ல. அதிகாரி பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா ‘தாயாரின் உடல்நிலை’ என்று எழுதுகிறான். மாலையில் படிக்கவும் எழுதவும் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை விட மனசில்லை என்று எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது. காரணம் என்பது பெரும்பாலும் கேட்கிறவனுடைய கட்டத்தின் அளவுக்கு வெட்டப்பட்ட துணி.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990-ல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் தமிழ்நாட்டுக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படிப்பட்ட முகாம்களில்தான் வாழ்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். மன்னார்க் கரையில் இரவில் படகேறுவதா வேண்டாமா என்று முடிவெடுத்த ஒருவரிடம் போய், அது உள்ளுணர்வா அறிவா என்று கேட்டுப் பாருங்கள். இருட்டில், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, எது கணக்கு, எது பயம் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? ஆனால் அந்தக் கணத்துக்குக் காரணம் சொல்லும்படி முப்பது வருஷத்துக்கு மேல் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போகிறவர் ‘தாமாக விரும்பி’ப் போவதாகச் சொல்ல வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு அந்த விருப்பத்தை எழுத ஒரு கட்டம் வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது, அதில் இலங்கை இல்லை. 2021-ல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் நல்ல பெயர். உத்தரவு இன்னும் வரவில்லை.

ராதாகிருஷ்ணன் தம் தற்செயல்களுக்குப் பின்னால் ஒரு கையைக் கண்டார் என்றால், இவர்களுடைய தற்செயல்களுக்குப் பின்னால் இருப்பது என்ன? அதே கைதான் என்று சொல்ல ஒரு தத்துவத்துக்குத் துணிச்சல் வேண்டும். துணியாவிட்டால், ஜெயித்தவர்களின் திண்ணைப் பேச்சாகவே அது நின்றுவிடும்.

7

கடைசியாக ஜானகி. கல்யாணத்தின்போது பத்து வயது, புருஷன் கப்பலேறியபோது ஏறக்குறைய பதினைந்து. தானும் வருவதாகக் கேட்டிருக்கிறார். சின்னப்பெண் என்று மறுக்கப்பட்டது. அவருடைய ஆசைக்கு எந்த அம்மனும் கனவில் வந்து பரிந்து பேசவில்லை. இருபத்தொரு வயதில் விதவை. அதன் பிறகு பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்து, தைத்துச் சம்பாதித்து, ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தார். 1994-ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

அந்தக் காலத்தில், ஆசாரக் குடும்பத்து இளம் விதவை ஒருத்தி தன் கைத்தொழிலை நம்பி வாழ்வதென்று தீர்மானிப்பது சாதாரண விஷயமல்ல. கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதைவிட அது சின்ன முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பின்னால் கணக்கு இருந்திருக்கும்: வாடகை, அரிசி, கூலி. கணக்குக்கு அடங்காத ஏதோ ஒன்றும் இருந்திருக்கும். அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவர் புருஷனுக்குச் சூத்திரங்கள் எப்படித் தோன்றின என்றே கேட்டார்கள். உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்கவில்லை.